கற்பாறை நிலத்தில் வண்டிக் கொட்டகையை உறுதியாக நாட்டுதல்

உழவு இயந்திரம், இழுவைப் பெட்டி, நீரிறைக்கும் இயந்திரம், மருந்து தெளிகருவி ஆகியவை இன்று கமக்காரரின் முதலிற் பெரும்பகுதியாக உள்ளன. இவற்றுட் பல தவணைக் கடனிற் பெறப்பட்டவை. வெயிலிலும் மழையிலும் கிடக்கும் இயந்திரம் விரைவிற் பழுதுறும். ஆகவே நாற்புறமும் திறந்த, தகரக் கூரையிட்ட கொட்டகை ஒன்றை வளவில் அமைத்துக்கொள்வது வழக்கம். சுவரில்லாத இக்கொட்டகை எளிதானது, செலவிற் குறைந்தது, வண்டியை எப்பக்கத்தாலும் உள்ளே செலுத்தலாம். ஆனால் வாடைக்காற்றுக் காலத்தில் முதலிற் பெயர்ந்து செல்வதும் பெரும்பாலும் இதுவே.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் பல பகுதிகளில் இக்குறை மிகுதியாகத் தோன்றக் காரணம் உண்டு. அங்கு மேல்மண்ணின் கீழே இருப்பது மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கற் பாறை. சில இடங்களிற் செம்மண் பல அடி ஆழத்துக்குக் காணப்படும்; வேறு சில இடங்களில் ஒரு சாண் மண்ணைக் கிளறியவுடனேயே பாறை தோன்றும். கால் நாட்டக் குழி தோண்டுபவர் ஒன்றரை அடியிற் பாறையைக் கண்டதும் அலவாங்கை வைத்துவிடுகிறார். அக்குழியிலே காலை நிறுத்திச் சிறிதளவு சீமெந்துக் கலவையை இட்டு நிரப்புகிறார். "பாறையின் மேல் நிற்கிறது, இனி அசையாது" என்பது அவர் எண்ணம். கால் பாறையின் மேல் நிற்பது உண்மையே. ஆனால் அது பாறையைப் பிடித்திருக்கவில்லை. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குவதே இத்துண்டுப் பிரசுரத்தின் நோக்கம்.

காற்று செய்யும் வேலை

வீட்டின் அத்திவாரம் முக்கியமாகப் பாரத்தைத் தாங்குவதற்காக இடப்படுவது. சுவரும் கூரையும் கீழ்நோக்கி அழுத்துகின்றன. நிலம் அவற்றைத் தாங்கினாற் போதும். திறந்த கொட்டகையின் நிலை இதற்கு மாறானது. அதன் பாரம் மிகச் சிறிது. காற்று கூரையின் கீழ்ப்புறத்திற் புகுந்து மேல்நோக்கித் தள்ளும். அதே வேளையில் கூரையின் மேற்புறத்தாற் செல்லும் காற்று தகட்டை மேல்நோக்கி உறிஞ்சும். இவ்விரு விசைகளும் ஒன்றுகூடிக் கொட்டகையைத் தூக்க முயல்கின்றன. ஆகவே திறந்த கொட்டகையின் அத்திவாரம் பாரத்தைத் தாங்குவதற்காக மட்டுமன்று. கொட்டகை மேலெழாமல் இழுத்துப் பிடிப்பதற்காகவும் இடப்படுவது.

இவ்விசையின் அளவை ஓர் எடுத்துக்காட்டாற் காணலாம். 20 அடி நீளமும் 12 அடி அகலமும் கொண்ட கொட்டகை ஒன்று ஆறு கால்களின் மேல் நிற்கிறது எனக் கொள்வோம். அதன் கூரை 240 சதுர அடி. மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் வீசும் காற்று அத்தகைய கூரையைச் சதுர அடி ஒன்றுக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோகிராம் விசையுடன் தூக்கக்கூடும். முழுக் கூரைக்கும் இது 1,080 கிலோகிராம் ஆகும். தகடும் மரச்சட்டங்களும் சேர்ந்து 350 கிலோகிராம் அளவே பாரமுடையவை. எஞ்சிய விசையை எதிர்த்து நிற்க வேண்டியவை கால்களின் அடிப்பகுதிகளே.

காற்றின் வேகம் ஒன்றரை மடங்காகும்போது விசை ஒன்றரை மடங்காக மட்டும் உயர்வதில்லை. இரண்டேகால் மடங்காக உயர்கிறது. மணிக்கு 150 கிலோமீற்றர் வேகத்திற் சதுர அடி ஒன்றுக்கு விசை 10 கிலோகிராமாகும். முழுக் கூரைக்கு 2,400 கிலோகிராம். இதில் ஒரு பக்கத்து நடுக்கால் தன்னைச் சூழ்ந்த 60 சதுர அடிக் கூரையைப் பிடித்திருக்க வேண்டியிருத்தலால் அதற்கு மட்டும் 600 கிலோகிராம் விசை வரும். மூலைக் கால்களுக்குரிய கூரைப் பரப்பு இதிற் பாதியே. எனினும் கூரையின் ஓரங்களிலும் மூலைகளிலும் காற்றின் உறிஞ்சல் மிகக் கடுமையானது. ஆதலால் ஆறு கால்களையும் ஒரே வலிமையுடன் நாட்டுவதே தகும்.

இத்தகைய வேகம் அரிதென்று எண்ணி வாளாவிருத்தல் ஆகாது. 1964 டிசெம்பரில் இலங்கையின் வடபகுதியைக் கடந்து தனுஷ்கோடியை அழித்த சூறாவளியும், 1978 நவம்பரில் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியும் இதனிலும் மிகுந்த வேகமுடையவை. 2020 டிசெம்பர் 2 ஆம் திகதி இரவு திருகோணமலைக்கு வடக்கே கரையேறிய புரேவிப் புயல் அவற்றிலும் மெலிந்ததே. ஆயினும் உறுதியற்ற கூரைகளுக்கு அத்தகைய காற்றும் போதுமானது. பெயர்ந்த தகரம் ஒன்று அயல் வீட்டுக் கூரையை மட்டுமன்றி, மனிதரையும் மாட்டையும் வெட்டக்கூடியது. ஆகவே கொட்டகையை உறுதியாக நாட்டுவது இயந்திரத்தைக் காப்பதற்காக மட்டுமன்று. அயலவரின் உயிரைக் காப்பதற்காகவுமாகும்.

முற்கூறிய கமக்காரரின் குழியை இப்போது அளந்து பார்க்கலாம். ஓரடி நீளம், ஓரடி அகலம், ஒன்றரை அடி ஆழம் கொண்ட குழியில் ஒன்றரைக் கன அடிக் கொங்கிறீற்றே கொள்ளும். ஒரு கன அடிக் கொங்கிறீற்று ஏறக்குறைய 68 கிலோகிராம் பாரமுடையது. ஆகவே காலைப் பிடித்திருக்கும் கட்டியின் பாரம் 100 கிலோகிராம் மாத்திரமே. 600 கிலோகிராம் இழுவையின் முன் இது நில்லாது. மழையில் ஊறி இளகிய மண்ணினின்றும் கால் கட்டியோடு கழன்றுவிடும்.

நிலத்தை அறிதல்

கொட்டகையின் திட்டம் தாளில் முடிவாகுமுன் நிலத்தில் முடிவாக வேண்டும். கால்கள் அமையும் ஆறு இடங்களிலும் மண்ணை அகற்றிப் பாறையைத் துப்புரவாக்கிப் பார்த்தல் முதல் வேலை. ஒவ்வோரிடத்திலும் நான்கு அடிச் சதுரத்துக்கு மண்ணை நீக்குதல் நன்று. பின்னர் அலவாங்கினாற் பாறையை ஓங்கிக் குத்தி அதன் ஒலியைக் கவனிக்க வேண்டும். கணீரென்ற ஒலி திண்ணிய பாறையைக் காட்டும். மந்தமான, பொள்ளலான ஒலி கீழே வெடிப்போ பொந்தோ இருப்பதைக் காட்டும். சுண்ணாம்புக்கல் நெடுங்காலமாக மழைநீராற் கரைக்கப்பட்டு உள்ளே குழிகளும் பிளவுகளும் கொண்டதாகையால், மேலே திண்ணியதாய்த் தோன்றும் கல்லை இச்சோதனையின்றி நம்பலாகாது.

இவ்வாறு பார்க்கும்போது நிலம் பின்வரும் மூன்று வகைகளுள் ஒன்றாக அமையும்.

(1) தாய்ப்பாறை: வெடிப்பின்றி அகன்று பரந்து கிடக்கும் திண்ணிய பாறை. வெடிப்புக்கும் வெடிப்புக்கும் இடையே நான்கு அடிக்குக் குறைந்த அகலமுள்ள கல்லைத் தாய்ப்பாறையெனக் கொள்ளலாகாது. அது புதைந்து கிடக்கும் தனிக்கல்லே. தனிக்கல்லைக் கம்பி நன்கு பற்றியிருப்பினும், காற்று கல்லையும் சேர்த்துப் பெயர்க்கக்கூடும்.

(2) மண்ணும் உதிரிக் கற்களும்: ஒன்றரை அடிக்கு மேற்பட்ட ஆழத்துக்கு மண்ணும் கல்லும் கலந்து, அதன் கீழே பாறை இருக்கும் நிலம்.

(3) உடைந்த பாறை: பிளவுகளும் பொந்துகளும் மலிந்து, அலவாங்கினாற் பெயர்த்தெடுக்கக்கூடிய கல்லாய் உள்ள நிலம்.

கால்களுள் ஒன்றோ இரண்டோ தாய்ப்பாறையிற் சரியாக அமையாவிடின், கொட்டகையை ஓரடி அல்லது ஈரடி நகர்த்தி அமைப்பதால் அக்குறை தீரலாம். கோலையும் கயிற்றையும் நகர்த்துவதற்குச் செலவில்லை. கொங்கிறீற்று இட்டபின் நகர்த்த முடியாது.

முதலாம் முறை: தாய்ப்பாறையிற் கம்பி பதித்தல்

தாய்ப்பாறை கிடைப்பது கமக்காரருக்கு ஒரு பேறு. ஏனெனில் இழுத்துப் பிடிக்கும் பாரத்தை அவர் விலைகொடுத்து வாங்க வேண்டியதில்லை. அது நிலத்திலேயே இருக்கிறது. அதனைப் பற்றிக்கொள்வது ஒன்றே அவர் செய்ய வேண்டியது.

ஒவ்வொரு காலுக்கும் நான்கு இரும்புக் கம்பிகள் தேவை. அவை 16 மில்லிமீற்றர் தடிப்புள்ளனவாயும், மேல்தலைப்பில் மரை வெட்டப்பட்டு நாகம் பூசப்பட்டனவாயும் இருத்தல் வேண்டும். பாறையின் மேற்படையில் உக்கிய பகுதியை உளியாற் செதுக்கி அகற்றிய பின், ஆறங்குலச் சதுரத்தின் நான்கு மூலைகளிலும் துளையிட வேண்டும். துளையின் ஆழம் திண்ணிய பாறையில் 18 அங்குலம் இருத்தல் நன்று. எவ்வாற்றானும் 12 அங்குலத்திற் குறையலாகாது. வெடிப்பின் ஓரத்திலிருந்து துளைகள் ஒன்றரை அடியேனும் விலகியிருத்தல் வேண்டும். மின்சாரத்தால் இயங்கும் துளைகருவியை வாடகைக்குப் பெற்றால் ஆறு கால்களுக்குமுரிய வேலையை ஓரிரு நாளில் முடிக்கலாம். கல் துளைக்கும் நீண்ட உளியையும் சம்மட்டியையும் கொண்டு கையாலும் செய்யலாம். கல் துளைக்கும்போது கண்ணாடி அணிந்து கண்ணைக் காத்துக்கொள்ளல் வேண்டும். மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளல் வேண்டும்.

துளையிடும்போது வெளிவரும் தூளையும் கவனிக்க வேண்டும். தூள் ஒரே நிறமாய் உலர்ந்து வருமாயின் பாறை நல்லது. கருவி திடீரெனக் கீழிறங்கினாலோ, செம்மண் வெளிவந்தாலோ உள்ளே பொந்து உண்டென அறிந்து அவ்விடத்தைக் கைவிட வேண்டும்.

கம்பியைப் பதிப்பதற்குச் சீமெந்துக் கூழையோ, அதற்கென விற்கப்படும் இரசாயனப் பசையையோ பயன்படுத்தலாம். சீமெந்துக் கூழாயின் துளை ஒன்றேகால் அங்குல அகலமுடையதாயிருக்க வேண்டும். துளையிலுள்ள தூளைக் காற்றூதி அகற்றி, நீரால் அலசி, தேங்கிய நீரைத் துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். தூள் எஞ்சிய துளையிற் சீமெந்து பாறையைப் பிடியாது, தூளையே பிடிக்கும். கம்பி கழல்வதற்கு மிகப் பெரிய காரணம் இதுவேயாகும். இரண்டரைக் கிலோகிராம் சீமெந்துக்கு ஒரு லீற்றர் நீர் என்னும் அளவிற் கூழைக் குழைத்து, துளையின் அடியிலிருந்து நிரப்பி, கம்பியைச் சுழற்றியவாறு மெல்ல இறக்க வேண்டும். கூழ் துளையின் வாய்வரை எழுந்து வழிதல் வேண்டும். ஊற்றிய கூழ் எழாமற் கீழே மறைந்துகொண்டே போகுமாயின் அங்கே பிளவு உண்டு. இரசாயனப் பசையாயின் துளையின் அகலம், உலர்ந்த தன்மை, இறுகும் காலம் ஆகியவற்றில் அதனைச் செய்தோர் கொடுத்துள்ள குறிப்பை வழுவாது பின்பற்ற வேண்டும்.

துளைக்குள் விரிந்து பிடிக்கும் ஆணிகளைக் கடைகளிற் பெறலாம். கருங்கல்லுக்கும் நல்ல கொங்கிறீற்றுக்கும் ஏற்ற இவை, நுண்துளைகள் மலிந்த மென்மையான சுண்ணாம்புக்கல்லுக்கு ஏற்றவையல்ல. காற்றின் ஓயாத ஆட்டத்தால் இவற்றைச் சூழ்ந்த கல் நொருங்கி ஆணி தளர்ந்துவிடும்.

கம்பிகள் இறுகிச் சோதிக்கப்பட்ட பின், அவற்றைச் சுற்றி ஒன்றரை அடிச் சதுரமும் ஓரடி உயரமும் கொண்ட கொங்கிறீற்றுப் பீடத்தை இட வேண்டும். கம்பிகளின் மரை வெட்டிய தலைப்புகள் பீடத்தின் மேலே மூன்று அங்குலம் நீண்டிருத்தல் வேண்டும்.

இரண்டாம் முறை: பாரமான கட்டி

மண்ணும் உதிரிக் கற்களும் உள்ள நிலத்திற் காலைப் பிடிக்க வேண்டியது கட்டியின் பாரமே. 600 கிலோகிராம் இழுவைக்கு அதன் ஒன்றரை மடங்கான 900 கிலோகிராம் பாரம் இருத்தல் பாதுகாப்பானது. மூன்றடி நீளம், மூன்றடி அகலம், ஒன்றரை அடி ஆழம் கொண்ட கட்டி பதின்மூன்றரைக் கன அடியாகும். அதன் பாரம் ஏறக்குறைய 918 கிலோகிராம். ஆழமாகத் தோண்ட இயலாத நிலத்தில் அகலத்தைக் கூட்டி இப்பாரத்தைப் பெறலாம் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

குழியின் அடி, வாயிலும் சற்று அகன்றதாயிருப்பின், பக்கங்களிலுள்ள மண்ணும் கல்லும் கட்டியின் மேல் அமர்ந்து அதனை அழுத்திப் பிடிக்கும். வாயகன்று அடி ஒடுங்கிய குழி ஆகாது. அக்குழியில் இட்ட கட்டி புட்டுக் குழலினின்று பிட்டு வருவதுபோல் எளிதில் மேலெழுந்துவிடும்.

கலவை ஒரு பங்கு சீமெந்து, இரு பங்கு மணல், நான்கு பங்கு முக்கால் அங்குலச் சல்லி என்னும் அளவினதாக இருக்கலாம். செலவைக் குறைக்க விரும்புவோர், குழியிலிருந்து பெற்ற கெட்டியான கற்களை மண் போகக் கழுவிக் கட்டியின் கால் பங்குக்கு மேற்படாமல் இடையிடையே பதிக்கலாம். கல்லோடு கல் முட்டாமல் ஒவ்வொன்றையும் கலவை முற்றாகச் சூழ்ந்திருத்தல் வேண்டும். கடற்கரை மணலைப் பயன்படுத்தலாகாது. அதிலுள்ள உப்பு கொங்கிறீற்றினுள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். வெளியே ஒன்றும் தெரியாதிருக்க, உள்ளே பிடி அற்றுப் போகும்.

கம்பிகள் கட்டியின் மேற்படையில் மட்டும் நிற்கலாகாது. அவை கட்டியின் அடிக்கு மூன்று அங்குலம் மேலே வரை இறங்கி, அடியில் வளைக்கப்பட்டிருத்தல் வேண்டும். இட்ட கொங்கிறீற்றை ஈரச் சாக்கினால் மூடி ஏழு நாட்களுக்கேனும் நீர் விட்டுவர வேண்டும்.

மூன்றாம் முறை: கால்களை இணைக்கும் தளவளை

உடைந்த பாறையில் ஆழமாகத் தோண்டுவதும் கடினம். கம்பி பதிப்பதும் பயனற்றது. அத்தகைய நிலத்தில் ஒரு பக்கத்து மூன்று கால்களையும் ஒரே கொங்கிறீற்று வளையால் நிலமட்டத்தில் இணைத்துவிடுவதே சிறந்தது. 20 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஓரடி ஆழம் கொண்ட வளை 30 கன அடியாகும். பாரம் 2,000 கிலோகிராமுக்கு மேற்படும். ஒரு பக்கத்துக் கால்கள் மூன்றுக்கும் சேர்ந்து வரும் இழுவை 1,200 கிலோகிராமாகையால் இது போதுமானது. நடுக்காலின் மேல் இழுவை மிகும்போது அதன் இரு புறத்திலுமுள்ள பாரமும் அதற்கு உதவுகிறது.

இவ்வளையுள் 12 மில்லிமீற்றர் முறுக்குக் கம்பிகள் நான்கு, மேலே இரண்டும் கீழே இரண்டுமாக, முழு நீளத்துக்கும் செல்ல வேண்டும். எட்டு அங்குலத்துக்கு ஒன்றாக ஆறு மில்லிமீற்றர் கம்பி வளையங்களால் அவை பிணைக்கப்பட வேண்டும். கம்பியின் வெளிப்புறத்தில் இரண்டு அங்குலக் கொங்கிறீற்று எங்கும் மூடியிருத்தல் வேண்டும். வளை இடப்படும் வாய்க்காலில் உள்ள பொந்துகளைக் கல்லாலும் கலவையாலும் முன்னரே அடைத்துவிடல் நன்று.

செலவை ஒப்பிடுதல்

எடுத்துக்காட்டாகக் கூறிய ஆறு கால் கொட்டகைக்கு மூன்று முறைகளிலும் தேவைப்படும் கொங்கிறீற்றும் சீமெந்தும் ஏறக்குறைய வருமாறு:

முதலாம் முறை: பதின்மூன்றரைக் கன அடி; 50 கிலோகிராம் பையில் இரண்டரை.
இரண்டாம் முறை: 81 கன அடி, 15 பைகள்.
மூன்றாம் முறை: 60 கன அடி, 11 பைகள்.

கம்பியின் விலையும் துளையிடும் கூலியும் சேர்ந்த போதிலும் முதலாம் முறையே பெரும்பாலும் மலிவானது. பாறை கண்ட இடத்தைத் தீய இடமென்று ஒதுக்குவோர் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.

இழுத்துச் சோதித்தல்

பாறையிற் பதித்த கம்பி உறுதியானதோ என்பதைக் கண்ணாற் பார்த்து அறிய முடியாது. ஆனால் நெம்புகோல் ஒன்றால் எளிதிற் சோதிக்கலாம். சீமெந்துக் கூழிட்டு ஏழு நாட்களின் பின், பீடம் இடுவதற்கு முன்னர், இச்சோதனையைச் செய்ய வேண்டும்.

நான்கு அங்குலச் சதுரமும் பத்தடி நீளமும் கொண்ட வைரமான மரச் சட்டம் ஒன்றை எடுத்து, கம்பியிலிருந்து ஓரடி தூரத்தில் ஒரு மரக் குற்றியின் மேல் வைக்க வேண்டும். சட்டத்தின் குறுகிய முனையைச் சங்கிலியாற் கம்பியோடு பிணைக்க வேண்டும். குற்றிக்கு அப்பாலுள்ள ஒன்பது அடி நீளத்தின் நுனியில் 50 கிலோகிராம் மணல் மூடையைத் தொங்கவிட்டாற் கம்பியின் மேல் 450 கிலோகிராம் இழுவை உண்டாகும். புயற்காற்றில் ஒரு கம்பிக்கு வரும் பங்கு 150 கிலோகிராமாகையால், இச்சோதனையில் வென்ற கம்பியை நம்பலாம்.

மூடையை மெல்ல இறக்கிக் கால் மணி நேரம் விட்டுவைக்க வேண்டும். கம்பியில் முன்னரே பாறை மட்டத்தில் ஒரு கோடு கீறியிருப்பின், அது சிறிதேனும் மேலெழுந்ததோ என்பது தெரியும். ஒரு நாணயத்தின் தடிப்பளவு எழுந்தாலும் அக்கம்பியைத் தள்ளிவிட்டு, ஒன்பது அங்குலம் விலகிப் புதிய துளை இடல் வேண்டும். ஒரு காலில் இரண்டு கம்பிகள் தவறினால் அவ்விடத்துப் பாறையை நம்பாது வேறு முறையைக் கைக்கொள்ள வேண்டும். சங்கிலி அறுந்தாற் சட்டம் துள்ளுமாதலால், அதன் நேரே எவரும் நிற்கலாகாது, சிறுவரை அண்டவிடலாகாது.

கால் முதற் கூரை வரை

அத்திவாரம் எவ்வளவு உறுதியாயினும், அதற்கும் தகட்டுக்கும் இடையேயுள்ள பிணைப்புகளுள் ஒன்று தளர்ந்தாற் பயனில்லை. சங்கிலியின் வலிமை அதன் மெலிந்த வளையத்தின் வலிமையே. ஆகவே பின்வருவனவற்றைக் கவனித்தல் வேண்டும்.

இரும்புக் குழாய்க் காலின் அடியில் ஒன்பது அங்குலச் சதுரமும் பத்து மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள தகட்டை முழுச் சுற்றும் ஒட்டி, நான்கு கம்பிகளிலும் கோத்து, சுரைகளை முறுக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் இரண்டு சுரைகள் இடுவது நன்று.

மரக்காலைக் கொங்கிறீற்றினுள் நேரே புதைக்கலாகாது. மரம் சுருங்குவதால் உண்டாகும் இடைவெளியில் நீர் தேங்கி அடி உக்கிவிடும், கறையானும் ஏறும். பீடத்திற் பதித்த இரும்புக் கவரில் மரக்காலை நிலத்திலிருந்து மூன்று அங்குலம் உயரத்தில் நிறுத்தி, குறுக்கே மரையாணி இட்டுப் பிணிக்க வேண்டும்.

காலும் வளையும் சந்திக்கும் இடங்களிலும், வளையும் கைமரமும் சந்திக்கும் இடங்களிலும் ஆணியை மட்டும் நம்பலாகாது. மேல்நோக்கிய இழுவையில் ஆணி வந்த வழியே கழலும். இரும்புப் பட்டியை மரத்தின் மேலாகச் சுற்றி இருபுறமும் மரையாணியால் இறுக்க வேண்டும்.

ஒவ்வொரு காலுக்கும் மேலே வளைக்குச் சாய்வாக முட்டுச் சட்டங்கள் இரு திசைகளிலும் தேவை. இவை இல்லையேற் கொட்டகை பக்கவாட்டில் ஆடி, அடித்தகட்டின் சுரைகளைத் தளர்த்தும்.

தகடுகளைக் கூரையின் ஓரங்களில் மிக நெருக்கமாகப் பிணிக்க வேண்டும். தகடு கிழிவது எப்போதும் ஓரத்திலிருந்தே தொடங்கும். தாழ்வாரம் கால்களுக்கு வெளியே ஓரடிக்கு மேல் நீளாதிருத்தல் நன்று.

தவிர்க்க வேண்டியவை

வெடி வைத்துப் பாறையைப் பிளத்தல் ஆகாது. உத்தரவின்றி வெடிமருந்தைப் பயன்படுத்துவது சட்டவிரோதமானது. அன்றியும், பிடித்திருக்க வேண்டிய பாறையையே அது வெடிக்கச் செய்யும். அயலிலுள்ள கிணற்றின் கட்டையும் பாதிக்கும்.

கூரையிலிருந்து வழியும் நீர் காலடியில் விழவிடலாகாது. பீலி வைத்து அப்பாற் செலுத்த வேண்டும். கொட்டகையின் தளத்தில் டீசலும் கழிவெண்ணெயும் சிந்தவிடலாகாது. பிளவுள்ள சுண்ணாம்புக்கல்லினூடாக அவை கிணற்று நீரை விரைவில் அடையும். யாழ்ப்பாணத்திற் குடிநீரும் பயிர்நீரும் அப்பாறையிலிருந்தே பெறப்படுவதை மறக்கலாகாது.

சாரலைத் தடுக்கப் பக்கங்களிற் கட்டும் படங்கு கப்பற்பாய் போலக் காற்றைப் பிடித்துக் கால்களின் மேல் வரும் விசையைப் பெருக்கும். புயல் எச்சரிக்கை கிடைத்தவுடன் முதலில் அதனைக் கழற்றிவிட வேண்டும்.

ஆண்டுதோறும் செய்ய வேண்டியவை

ஐப்பசி மழை தொடங்குமுன், புரட்டாதி மாதத்திலேயே ஒரு நாளைக் கொட்டகைக்கென ஒதுக்க வேண்டும். சுரைகளை முறுக்கிப் பார்த்து, துருவைச் சுரண்டி வண்ணம் பூசி, தளர்ந்த தகட்டாணிகளை மாற்ற வேண்டும். காலின் அடியில் மண்ணும் சருகும் குவிந்திருப்பின் அகற்ற வேண்டும். கடற்காற்று வீசும் இடங்களில் இரும்பு முதலில் அரிபடுவது அங்கேயே. பீடத்தைச் சுற்றிப் புதிய வெடிப்புத் தோன்றியிருப்பின் அதனை அற்பமாகக் கருதலாகாது.

இங்கு கூறிய அளவுகள் 20 அடிக்கு 12 அடியான, எட்டடி உயரமுள்ள கொட்டகைக்குரியவை. இதனிலும் பெரிய கொட்டகை அமைக்க விரும்புவோரும், கடலோரத்துத் திறந்த வெளியில் அமைப்போரும் தகுதிபெற்ற தொழினுட்ப உத்தியோகத்தர் ஒருவரின் ஆலோசனையைப் பெறுதல் வேண்டும். கட்டட அனுமதி தேவையா என்பதைப் பிரதேச சபையில் முன்னரே விசாரித்துக்கொள்ளல் நன்று. நிலத்தைப் பார்வையிடுவது பற்றியும் வேறு ஐயங்கள் பற்றியும் அப்பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கமநல சேவை நிலையத்தில் நேரிற் கண்டு உசாவலாம்.